ஒரே கரையில் ஏழு நாள்: நீல் தீவு வீடு பற்றி ஒரு வாசகிக்கு

வாசகி கேட்டது:

நான் திருச்சியில் வங்கியில் வேலை செய்கிறேன். ஏப்ரல் கடைசியில் கணவர், எட்டு வயது மகள், 68 வயது மாமியார் ஆகியோருடன் அந்தமானின் நீல் தீவில் கடற்கரையை ஒட்டிய ஒரு தனி வீட்டில் ஏழு நாள் தங்க நினைக்கிறோம். எனக்குத் தேவை அமைதி ஒன்றுதான். ஆனால் உறவினர்கள், "இவ்வளவு செலவு செய்து போய் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதா? ஹேவ்லாக், போர்ட் பிளேர், பாராட்டாங் எல்லாம் பார்த்துவிட்டு வாருங்கள்" என்கிறார்கள். மாமியார் இன்சுலின் போடுகிறவர். மகளுக்கு நீச்சல் இப்போதுதான் பழக்கம். வீட்டுக்காரர் முழு வாடகையையும் முன்பணமாகக் கேட்கிறார். படங்களில் வீட்டு வாசலிலேயே நீலக் கடல் தெரிகிறது. போகலாமா? ஏழு நாள் அதிகமா?

பயண ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம். ஏழு நாளும் இருங்கள். உறவினர்கள் சொல்லும் பயணம் உங்களுக்கு ஏற்றதல்ல. நீல், ஹேவ்லாக், போர்ட் பிளேர், பாராட்டாங் என்று நான்கு இடங்களையும் ஒரு வாரத்தில் அடக்கினால், அந்த வாரத்தின் பெரும்பகுதி படகுத்துறை வரிசையிலும், பெட்டியைக் கட்டுவதிலும், அவிழ்ப்பதிலும் போய்விடும். பாராட்டாங் சாலைக்கு அதிகாலையில் எழுந்து வாகன வரிசையில் காத்திருக்க வேண்டும். இன்சுலின் போடும் ஒரு பெரியவருக்குச் சாப்பாட்டு நேரம் தவறுவதைப் போன்ற தொல்லை வேறில்லை. அமைதி வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

ஆனால் நீங்கள் அனுப்பிய படங்களைப் பற்றி முதலில் பேசியாக வேண்டும். வாசலில் தெரியும் அந்த நீலக் கடல் பொய்யில்லை. ஆனால் அது ஒரு நாளின் சில மணி நேரத்துக்கு மட்டுமே உண்மை. அந்தமானில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இரண்டு மீட்டர். இரண்டு மீட்டர் என்றால் ஓர் ஆள் உயரத்துக்கும் மேல். நீல் தீவைச் சுற்றி ஆழமில்லாத பவளத் திட்டு பரந்து கிடப்பதால், அந்த அளவு தண்ணீர் இறங்கும்போது கரை வெகுதூரம் வெளியே நீண்டுவிடும். காலையில் மகள் குளித்த இடத்தில் பிற்பகலில் கறுத்த பாறையும், உடைந்த பவளமும், நண்டுகளும்தான் இருக்கும். படம் எடுப்பவர்கள் எல்லோரும் ஏற்றத்தில்தான் எடுப்பார்கள். ஆகவே வீட்டின் கட்டில், ஊஞ்சல், குளியலறை ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீடு எந்தக் கரையில் இருக்கிறது என்று பாருங்கள். நீல் தீவில் எல்லாமே அதைப் பொறுத்தது.

தீவு சிறியது, சைக்கிளில் அரை நாளில் சுற்றிவிடலாம். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் குடியமர்த்தப்பட்ட ஊர். பரத்பூர், லக்ஷ்மண்பூர், ராம்நகர், சீதாபூர் என்று இராமாயணப் பெயர்களைக் கிராமங்களுக்கு வைத்திருக்கிறார்கள். கடற்கரைகளுக்கும் அதே பெயர்கள்தான். படகுத்துறையை ஒட்டிய பரத்பூர் கரையில் நீர் அமைதியாக, இடுப்பளவு ஆழத்தில் வெகுதூரம் போகும். குழந்தைக்கு ஏற்ற கரை அதுதான். குறை என்னவென்றால், பகல் வேளையில் கண்ணாடி அடிப் படகுகளும் நீர் விளையாட்டு மோட்டார்களும் இரைச்சலிடும். காலை எட்டு மணிக்குள் போனால் அந்தத் தொல்லை இல்லை. மேற்கே லக்ஷ்மண்பூர் நீண்ட வெண்மணல், சூரியன் மறைவதைப் பார்க்க எல்லோரும் அங்குதான் கூடுவார்கள். ஆனால் வற்றத்தில் அங்கே குளிக்க முடியாது, பாறையும் பவளமும் காலைக் கிழிக்கும். கிழக்கு முனையில் சீதாபூர். சூரிய உதயத்துக்குப் பெயர் பெற்றது. திறந்த கடலைப் பார்த்த கரை, அலையும் இழுப்பும் அதிகம். எட்டு வயதுக் குழந்தையை அங்கே முழங்காலுக்கு மேல் இறங்கவிடாதீர்கள்.

உங்கள் வீடு சீதாபூர் பக்கம் என்றால் அழகும் அமைதியும் நிறைய. ஆனால் குளிப்பதற்குப் பரத்பூருக்கு ஆட்டோவிலோ ஸ்கூட்டரிலோ வர வேண்டும். அதற்கு மனம் ஒப்பினால் எடுங்கள். லக்ஷ்மண்பூர் பக்கம் என்றால் ஏற்ற நேரத்தை அறிந்து குளிக்க வேண்டும். எந்தக் கிராமம் என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை, அதை உடனே கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கேதான் ஏழு நாள் என்ற கணக்குக்கு வருகிறேன். ஏற்ற நேரம் நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் நண்பகலில் கடல் நிறைந்திருந்தால், ஏழு நாள் கழித்து அதே நண்பகலில் வற்றிக் கிடக்கும். இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்களுக்கு வாய்ப்பது அந்த நாள்களுக்கு உரிய ஒரு கடல்தான். பிற்பகலில் போய்ப் பாறையைப் பார்த்துவிட்டு, ஏமாந்துவிட்டோம் என்று திரும்புகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் இருப்பவர்களுக்குத்தான் நிறைந்த கடலும் வற்றிய கடலும் ஒவ்வொரு வேளையிலும் காணக் கிடைக்கும். அதனால் ஏழு நாள் அதிகமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், அதுவே சரியான அளவு என்பதுதான்.

தேதியைத் தேர்ந்தெடுக்க உங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரே போதும். ஏப்ரல் பிற்பகுதியில் வரும் வளர்பிறை அஷ்டமியைப் பாருங்கள். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் மிதமாக இருக்கும். கடல் அதிகம் பின்வாங்காது, வேகமாகவும் ஏறி வராது. மகள் தண்ணீருக்குப் பழக அதுவே நல்ல காலம். அங்கிருந்து ஒரு வாரத்தில் பௌர்ணமி. அப்போது கடல் நன்றாக வற்றும். லக்ஷ்மண்பூரின் இன்னொரு பக்கத்தில் இயற்கையாக அமைந்த பாறை வளைவு ஒன்று உண்டு, ஊரார் ஹௌரா பாலம் என்பார்கள். வற்றத்தில்தான் அதற்கு நடந்து போக முடியும். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கடல் வெள்ளரி, நட்சத்திர மீன், சின்னஞ்சிறு வண்ண மீன்கள் எல்லாம் இருக்கும். மகளுக்கு அந்த ஒரு நடை போதும், பள்ளியில் ஒரு மாதம் பேசுவாள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பாறை வழுக்கும். மாமியார் அந்த நடைக்கு வர வேண்டாம்.

வளர்பிறையைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தமான் நம்மைவிட வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் இந்திய நேரத்தில்தான் ஓடுகிறது. ஏப்ரல் கடைசியில் காலை 5 மணிக்கே விடிந்துவிடும், மாலை 5.30 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். திருச்சிப் பழக்கத்தில் எட்டு மணிக்கு எழுந்தால் நாளின் சிறந்த மூன்று மணி நேரம் போய்விடும். நாலரைக்கு எழுந்து, பதினோரு மணிக்குள் கடல் வேலையை முடித்து, வெயிலில் வீட்டுக்குள் உறங்கி, மூன்றரைக்கு மேல் மறுபடி வெளியே வருவதுதான் அந்த ஊர் முறை. இரவு நீளமாக இருக்கும். நிலவு இருந்தால் திண்ணையில் உட்கார்ந்து பேசலாம். பல்லாங்குழி, சீட்டுக்கட்டு எடுத்துப் போங்கள்.

மே மாதம் என்று கேட்டிருந்தால் தயங்கியிருப்பேன். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்துக்கு வருவதற்கு முன்பே, மே மூன்றாவது வாரம் வாக்கில், அந்தமானைத் தொட்டுவிடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் தெளிந்து அடங்கி இருக்கும். ஆனால் ஏப்ரல் கடைசியிலும் வங்கக் கடலில் தாழ்வு நிலை உருவாவது உண்டு. காற்று எழுந்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் ஒரு விதியை மட்டும் தளர்த்தாதீர்கள்: விமானத்துக்கு முந்தைய நாளே நீல் தீவை விட்டுக் கிளம்பிப் போர்ட் பிளேரில் ஓர் இரவு தங்குங்கள். காலைப் படகில் வந்து மதிய விமானத்தைப் பிடித்துவிடலாம் என்பது படகு ஓடும் நாளில்தான் நடக்கும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். அங்கிருந்து நீல் தீவுக்கு விரைவுப் படகில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் இன்னும் சற்று அதிகம். டிக்கெட்டில் பெயர்கள் மாறியிருந்தால் குழம்ப வேண்டாம். நீல் 2018இல் ஷஹீத் தீவு என்றும், போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்றும் பெயர் மாற்றம் பெற்றன. படகில் ஏற எல்லோருக்கும் அசல் அடையாள அட்டை வேண்டும். குழந்தைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மாமியார். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த பகுதி இதுதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இன்சுலினை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்து கெடக்கூடும். மருத்துவரின் சீட்டு கையில் இருக்கட்டும். திறந்த இன்சுலினைப் பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் வைத்துப் பயன்படுத்தலாம் என்பார்கள். ஆனால் ஏப்ரல் கடைசியில் அந்தமான் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும். ஆகவே வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் அதற்கும் ஓடுமா என்று கேளுங்கள். பல இடங்களில் ஜெனரேட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும்தான். தேவையான அளவைப் போல இரண்டு மடங்கு மருந்தை இரண்டு பைகளில் பிரித்து எடுத்துப் போங்கள். படகு நின்று இரண்டு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் தீவில் அதே மருந்து கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

அதைவிட முக்கியம், அவருடைய பாதங்கள். கடற்கரை என்றால் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிடுவோம். நீரிழிவு நெடுநாளாக இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். உச்சி வெயில் மணல் சுடுவதும், உடைந்த பவளம் கீறுவதும் அவர்களுக்கு உடனே தெரியாது. மாலையில் பார்த்தால் கொப்புளமோ ரத்தமோ இருக்கும். பவளக் கீறல் யாருக்குமே எளிதில் ஆறாது, நீரிழிவு உள்ளவருக்கு அது பெரிய புண்ணாகிவிடும். தண்ணீரில் இறங்கும்போதும் பாதத்தை முழுதாக மூடும் ரப்பர் காலணி போட்டுக்கொள்ளட்டும். ஊரிலேயே வாங்கி, நான்கு நாள் வீட்டில் போட்டுப் பழகி எடுத்து வாருங்கள். புதுக் காலணியே கடித்துவிடக் கூடாது. தினமும் மாலையில் நல்ல தண்ணீரில் கால் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, உங்களில் ஒருவர் பாதத்தைப் பார்த்துவிடுங்கள். அவர் கூச்சப்படுவார். பேத்தியிடம் அந்த வேலையைக் கொடுத்தால் மறுக்க மாட்டார்.

தீவில் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. காய்ச்சல், காயம், வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்குப் போதும். அதற்கு மேல் என்றால் போர்ட் பிளேரின் ஜி.பி.பந்த் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், அதாவது நடுவே கடல். நீங்கள் தேடும் அமைதி தூரத்தால் கிடைப்பது. அந்தத் தூரம்தான் மருத்துவரையும் தள்ளி வைக்கிறது. இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு அவருடைய மருத்துவரிடம் காட்டி, இப்படிப்பட்ட இடம், இத்தனை நாள் என்று வெளிப்படையாகச் சொல்லி ஒப்புதல் கேளுங்கள். அண்மையில் நெஞ்சுவலி, சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் போன்றவை இருந்திருந்தால் இந்த ஆண்டு நீல் வேண்டாம். போர்ட் பிளேரை ஒட்டிய கரையில் வீடு பாருங்கள். அப்படி எதுவும் இல்லை, மருத்துவரும் சரி என்றால், தயங்காமல் அழைத்துப் போங்கள். வயதானவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகும் விடுமுறைகளை விட இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

அவர் சைவம் என்றாலும் கவலையில்லை. நீல் தீவு அந்தமானுக்கே காய்கறி அனுப்பும் ஊர், சந்தையில் புதிய காய் கிடைக்கும். வங்காளச் சமையலில் கடுகெண்ணெய் வாசம் இருக்கும், சமைப்பவரிடம் முன்பே சொல்லி வேறு எண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் பிளேரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், நீல் தீவில் வங்காளமும் இந்தியும்தான்.

மகளைப் பற்றி. கடலில் நீச்சல் தெரியும் என்பதை எட்டு வயதில் கணக்கில் எடுக்காதீர்கள். கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும், கையில் தொலைபேசி இல்லாமல். அலைகள் உடையும் வரிசையில் நடுவே ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல் அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். கடல் உள்ளே இழுக்கும் வழி பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும், முடியாவிட்டால் மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். முதல் நாளே மகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010இல் ஹேவ்லாக்கில் முக்குளித்துக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் முதலை தாக்கி இறந்தார். பயந்து நடுங்கத் தேவையில்லை. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், அலையாத்தி மரங்கள் உள்ள கழிமுகத்திலும், இருட்டிய பிறகு எந்த இடத்திலும் தண்ணீரில் இறங்காமல் இருந்தால் போதும்.

மணல் ஈ என்று ஒரு சிறு பூச்சி விடியலிலும் மாலையிலும் கடிக்கும். கடிக்கும்போது தெரியாது, மறுநாள் அரிக்கத் தொடங்கி ஒரு வாரம் விடாது. கை கால் மூடிய மெல்லிய பருத்தி உடை, தேங்காய் எண்ணெய், வெறும் மணலில் படுக்காமல் பாய் விரித்து உட்காருவது, இவை போதும். மாமியார் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளக் கூடாது, அதற்கு மருந்தை முன்பே வாங்கி வையுங்கள். மகள் பவளத்துண்டு, சிப்பி என்று பை நிறைய சேர்ப்பாள். செத்த பவளம் என்றாலும் எடுத்து வருவது சட்டப்படி குற்றம், விமான நிலையச் சோதனையில் பிடிபடும். முதல் நாளே சொல்லிவிட்டால் கடைசி நாள் அழுகை இருக்காது.

கடைசியாகப் பணம். முழு வாடகையையும் ஒருவருடைய தனிக் கணக்குக்கு முன்கூட்டி அனுப்பாதீர்கள். மூன்றில் ஒரு பங்கோ, அதிகம் போனால் பாதியோ கொடுங்கள், மீதியை வீட்டில் சாவி வாங்கும்போது தருவதாகச் சொல்லுங்கள். சுற்றுலாத் துறையில் பதிவு செய்த சான்றின் படத்தைக் கேளுங்கள். வானிலையால் படகு நின்று நீங்கள் வர முடியாமல் போனால் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நேர்மையாக நடத்துகிறவர்களுக்கு இது புதிய கேள்வியே இல்லை, ஆண்டுதோறும் அவர்கள் சந்திப்பதுதான். இதைக் கேட்டதும் கோபப்படுகிறவர் என்றால் வேறு வீடு பாருங்கள்.

அதோடு நல்ல தண்ணீர் பற்றியும் கேளுங்கள். ஏப்ரலில் கிணறுகள் வற்றும் காலம். தொட்டி எவ்வளவு, லாரியில் வரவழைக்கிறார்களா என்று தெரிந்தால், குளியலைச் சிக்கனமாக வைத்துக்கொள்ள மனம் தயாராக இருக்கும். வாசலிலிருந்து மணலுக்கு எத்தனை படி, அவை செங்குத்தானவையா என்பதையும் மாமியாருக்காகக் கேளுங்கள். வற்ற நேரத்தில் வாசலில் நின்று எடுத்த ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகும் வீடு பிடித்திருந்தால் எடுத்துவிடலாம்.

கையில் போதிய ரொக்கத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், தீவில் இணையம் தடுமாறும்போது பணம் அனுப்ப முடியாது. ஏப்ரல் பள்ளி விடுமுறைக்கு விமான டிக்கெட் வேகமாக ஏறும். மருத்துவரின் ஒப்புதல், பிறகு விமானம், பிறகு படகு, கடைசியாக வீட்டு முன்பணம் என்ற வரிசையில் போங்கள். கிராமத்தின் பெயரும் தேதியும் உறுதியானதும் எனக்கு எழுதுங்கள். அந்த வாரத்தின் ஏற்ற, வற்ற நேரங்களைப் பார்த்து, எந்த நாள் காலை எந்தக் கரை என்று குறித்து அனுப்புகிறேன்.